நல்ல தண்ணியும் வேஸ்ட் தண்ணியும்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர். மற்றதில் விற்பனைக்கு வந்த தம்பி பாட்டிலில் கொண்டுவந்திருந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு கருவியை இரண்டுக்குள்ளும் இறக்கி சுவிட்சைப் போட்டார். அரை நிமிஷத்தில் எங்கள் தண்ணீர் மஞ்சளானது. பிறகு செங்கல் நிறம். பிறகு கரும்பச்சையாகத் திப்பி திப்பியாக ஏதோ மிதக்கத் தொடங்கியது. அவர் கொண்டுவந்த தண்ணீர் பளிங்குபோல அப்படியே நின்றது. என் கணவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். தம்பி என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "இதத்தான் மேடம் இத்தன நாளா பிள்ளைக்குக் குடுத்திருக்கீங்க."

2022இல் நடந்தது இது. அதற்கு இரண்டு மாதம் முன்பு பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்திருந்தது. கண் மஞ்சளித்து, சோற்றைக் கண்டாலே குமட்டி, ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தாள். மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துவிட்டு என்னிடம் மட்டும் கேட்டார், "வீட்ல தண்ணி கொதிக்க வைக்கிறதில்லையாம்மா?" கொதிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தேன். செமஸ்டர் விடைத்தாள் திருத்தும் நாட்களில் சிலபோது விட்டுப்போனது. அந்தச் சிலபோதுகளை என் மாமியாரும் கணவரும் நானும் மூன்று பேருமாக மனதுக்குள் எண்ணிக்கொண்டோம். அந்த எண்ணிக்கையோடுதான் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். திப்பி மிதந்ததும் முன்பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை துறையறையில் இதைச் சொன்னபோது வேதியியல் துறைத் தோழி சிரித்தாள். "அது தண்ணியில இருந்த அழுக்கில்லப்பா. கம்பியில இருந்த இரும்பு." மின்னாற்பகுப்பு. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. மின்சாரம் பாயாது. கம்பி கரையாது. அவ்வளவுதான். "அவன் டம்ளர்ல ஒரு சிட்டிகை உப்பு போட்டிருந்தீன்னா அதுவும் செவந்திருக்கும்" என்றாள். மகளுக்குக் காமாலையைக் கொடுத்த கிருமி அந்த டம்ளரில் இருந்திருந்தாலும் அந்தக் கருவி அதைக் காட்டியிருக்காது. கிருமி எதுவும் இல்லாத அருமையான சுனைத் தண்ணீரை வைத்திருந்தாலும் இதே திப்பி மிதந்திருக்கும்.

பிரதியை வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். யார் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள், சொல்லாமல் விட்டது எது என்று இருபது வருஷமாக மாணவிகளைக் கேட்கவைக்கிறேன். ஆனால் என் வீட்டு மேசையில் நடந்த ஒரு சின்ன நாடகத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. காரணம் எளிது. அந்த நாடகத்தின் பார்வையாளர் நான் இல்லை, குற்றவாளி நான். வேதியியல் தெரியாததால் மட்டும் ஏமாறவில்லை. தாய் என்ற இடத்தில் உட்காரவைக்கப்பட்டதால் ஏமாந்தேன். அந்தத் தம்பியையும் குறை சொல்ல மனம் வரவில்லை. இத்தனை மிசின் விற்றால் இத்தனை ரூபாய் என்று அலைகிற பிள்ளை. அவருக்கு எழுதிக்கொடுத்தவர்கள் வேறு யாரோ.

எழுதிக்கொடுப்பவர்கள் தொலைக்காட்சியிலும் இருக்கிறார்கள். ஆர்.ஓ. என்றதும் இந்தியாவில் பலருக்கு நினைவு வருவது கென்ட் விளம்பரத்தில் வரும் ஹேமமாலினி. பல ஆண்டுகள் அந்த முகம்தான். மகள்களும் கூட வந்தார்கள். குடும்பத்தின் தண்ணீரைக் காக்கும் தாய், அழகு குலையாத தாய். அப்பா குற்ற உணர்வோடு தண்ணீர் டம்ளரைப் பார்க்கும் விளம்பரம் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. இதே நிறுவனம் 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கின் நடுவில், மாவு பிசையும் கருவிக்கு ஒரு விளம்பரம் வெளியிட்டது. வீட்டு வேலை செய்யும் பெண்ணின் கையால் மாவு பிசைய விடுகிறீர்களா, அந்தக் கைகளில் தொற்று இருக்கலாமே என்பது அதன் சாரம். கண்டனம் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு விலக்கிக்கொண்டார்கள். அந்த வாசகத்தை ஏதோ கைதவறி எழுதியதாக நான் நினைக்கவில்லை. தூய்மை விற்கும் விளம்பரத்துக்கு இரண்டு பெண்கள் தேவைப்படுகிறார்கள். ஒருத்தி காக்கும் தாய். காக்கப்பட வேண்டிய வீட்டுக்குள் அழுக்கைக் கொண்டுவருபவள் மற்றவள். முதல் பெண்ணின் முகம் பல ஆண்டுகளாகத் திரையில் இருக்கிறது. இரண்டாவது பெண் அந்த ஒரே ஒரு முறை வெளியே தெரிந்துவிட்டாள்.

திருநெல்வேலிப் பேச்சில் குடிக்கும் தண்ணீருக்கு 'நல்ல தண்ணி' என்று பெயர். "நல்ல தண்ணி வந்திட்டா?" என்றுதான் தெருவில் கேட்போம். மற்றது உப்புத் தண்ணி. சப்பென்று இருக்கும் கிணற்றுத் தண்ணீர், பருப்பு வேகாத போர் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர் என்று நாக்காலும் பருப்பாலும் சோப்பு நுரையாலும் தண்ணீரைப் பிரித்து வைத்திருந்தவர்கள் பெண்கள். என் அம்மா கல்லிடைக்குறிச்சிக்காரி. ஒரு வாய் குடித்துவிட்டு இது ஆற்றில் வெள்ளம் வந்த தண்ணீர், இது அணையில் தேங்கிக் கிடந்த தண்ணீர் என்று சொல்லுவாள். அது ஓர் அறிவு. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத அறிவு. மிசின் வந்த பிறகு அதன் இடத்தில் ஒரு எண் உட்கார்ந்துகொண்டது: டி.டி.எஸ். பேனா மாதிரி ஒரு மீட்டர். தண்ணீரில் நனைத்தால் எண் வரும். தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு அது. எந்த உப்பு என்று சொல்லாது. கிருமியைப் பற்றி மூச்சு விடாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைபொருள் இருக்கலாம் என்கிறது. வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் 110 காட்டியது. பொதிகையில் மழையாக விழுந்து, பாபநாசம் இறங்கி, பாறையும் மணலுமாக ஓடிவரும் தண்ணீர் அது. உப்பு சேர நேரமேது? 500க்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மிசின்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் ஒன்று என் சமையலறைச் சுவரில் ஏறியது.

இந்தத் தொழில்நுட்பம் யாருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், சிட்னி லோப் என்பவரும் ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்ற இந்தியரும் சேர்ந்து அந்தச் சவ்வைச் செய்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்குவதே அவர்கள் நோக்கம். 1965இல் நிலத்தடி நீர் உப்பான கோலிங்கா என்ற சிற்றூரில் அதை முதன்முதலாக ஊருக்காக ஓட்டினார்கள். கடலுக்கும் உவர்நிலத்துக்கும் செய்த மருந்து. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் கிணறு உப்பேறிப்போன ஊர்களில் அதற்கு வேலை இருக்கிறது, அங்கே ஆர்.ஓ. வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவர்கள் அந்தத் தண்ணீரை ஒரு மாதம் குடித்துவிட்டுச் சொல்லட்டும். தாமிரபரணித் தண்ணீரில் அந்தச் சவ்வு எதை வடிக்கிறது? 110ஐ 12 ஆக்குகிறது. கொஞ்சநஞ்சம் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிடுகிறது. இப்படிச் சத்தெல்லாம் போன தண்ணீரைக் கேனில் அடைத்தால் நம் ஊரில் அதற்குப் பெயர் 'மினரல் வாட்டர்'. எங்களுக்கு மிசின் விற்றவர்களிடம் இன்னொரு மாடலும் இருந்தது, மூவாயிரம் கூட. வடித்த தண்ணீரில் தாமிரம் சேர்த்துத் தருமாம். பெயரிலேயே தாமிரம் இருக்கும் ஆற்றின் தண்ணீரை வெறுமையாக்கி, அதில் சொட்டுச் சொட்டாகத் தாமிரம் விட்டுக் குடிப்பது. அல்வாவின் ருசிக்கே ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமை பேசும் ஊர் இது. அந்தப் பெருமையைப் பேசிவிட்டு நாங்கள் வீட்டுக்கு வந்து 12ஐக் குடிக்கிறோம்.

ஆனால் காமாலை பொய்யில்லை. அது உப்பிலிருந்து வரவில்லை, சாக்கடையிலிருந்து வந்தது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒட்டி ஒட்டி ஓடும் தெருக்களில், தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் வெறுமையாகும்போது, விரிசல் வழியே வெளியே இருப்பது உள்ளே போகிறது. ஆற்றிலேயே நகரத்தின் கழிவுநீர் பல இடங்களில் கலக்கிறது. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு இதற்காக உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார். 2024 நவம்பரில் நீதிபதிகளே திருநெல்வேலிக்கு வந்து கரையில் நடந்து பார்த்தார்கள். சாக்கடையை ஆற்றிலிருந்து பிரிப்பது மாநகராட்சியின் வேலை, குழாயை மாற்றுவது அரசின் வேலை. அந்த இரண்டு வேலையும் நடக்காத இடத்தில் மூன்றாவதாக ஒரு வேலை உருவாகிறது. அது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண்ணின் வேலையாகிறது.

கழிந்த வருஷம் ஒரு புத்தக வெளியீட்டில் இந்த மிசினைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் மதிக்கும் கவிஞர், சூழலியல் கூட்டங்களில் முன்வரிசையில் நிற்பவர், வருத்தத்தோடு சொன்னார்: "தாமிரபரணிக் கரையில இருந்துக்கிட்டு நீங்களே ஆர்.ஓ. வைக்கலாமா? கொதிக்க வச்சா போதுமே." அறிவியல்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. நன்றாகக் கொதிக்க விட்டால் காமாலைக் கிருமி செத்துப்போகும். மூன்று பங்கு தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் 'கொதிக்க வச்சா' என்ற வினையெச்சத்துக்கு எழுவாய் எங்கே? இலக்கணப் பாடம் எடுக்கிறவளுக்கு அது உறுத்தாமல் இருக்குமா?

எங்கள் வீட்டில் அந்த எழுவாய் காலை ஐந்தேகாலுக்கு எழுந்திருக்கும். பெரிய சருவம் ஒன்றில் ஆறு லிட்டர், காலையிலும் ராத்திரியிலும். பிடிக்க வேண்டும், தூக்கி அடுப்பில் வைக்க வேண்டும், கொதி வந்த பிறகும் சற்று விட வேண்டும், ஆறும்வரை பல்லியோ எறும்போ விழாமல் மூட வேண்டும், துணியில் வடிகட்ட வேண்டும், பாட்டில்களில் ஊற்ற வேண்டும், அடியில் படிந்ததைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பக்கத்து அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போது ஒரு அடுப்பு இதற்கே போய்விடும். ஒரு தடவை கைப்பிடித்துணி நழுவிக் கொதிநீர் முழங்காலில் கொட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது. மிசின் வந்த நாளில் இந்த வேலை முழுவதும் நின்றது. சுற்றுச்சூழல் மேல் அக்கறை இருக்கிறது எனக்கு. அந்த நாளில் எனக்கு ஏற்பட்ட ஆசுவாசத்தை மறைக்கும் அளவுக்கு இல்லை. இன்னொன்றும் நடந்தது. பத்தொன்பது வருஷ மணவாழ்வில் முதன்முறையாக என் கணவர் தன் பாட்டிலைத் தானே நிரப்பிக்கொண்டார். குழாயைத் திருகுவது ஆணுக்கு இழுக்கில்லை போலும். பில்டர் மாற்றும் தேதி மட்டும் என் கைபேசியில்தான் அடிக்கிறது.

ஆகவே நான் அந்தக் கவிஞரிடம், "நீங்க உங்க வீட்ல கொதிக்க வைக்கிறீங்களா?" என்று கேட்டேன். "வீட்ல பாத்துக்கிடுதாங்க" என்றார்.

குறிஞ்சிக்கலியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டு உண்டு, கலித்தொகையின் 51ஆவது. தாயும் மகளும் இருக்கும் வீட்டு வாசலில் ஒருவன் வந்து உண்ணுநீர் கேட்கிறான். பொற்கலத்தில் கொடுத்துவிட்டு வா என்று தாய் மகளை அனுப்புகிறாள். அவன் வளையணிந்த முன்கையைப் பற்றுகிறான். மகள் கத்துகிறாள், தாய் ஓடிவந்ததும் தண்ணீர் விக்கினான் என்று பொய் சொல்லிக் காப்பாற்றுகிறாள், தாய் அவன் முதுகை நீவிவிடுகிறாள். நாடகச் சுவைக்காகக் கொண்டாடப்படும் பாட்டு. நானும் கொண்டாடித்தான் நடத்துவேன். கத்தியதும் அவள், காத்ததும் அவள்; அந்தப் பொய்யில் அவளுடைய விருப்பமும் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மேம், தாகம்னா அவனே மோந்து குடிச்சிருக்கலாம்ல?" வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உரைகளில் இல்லாத கேள்வி அது. தாகம் அவனுடையது, கலம் வீட்டினுடையது, நீட்டும் கை அவளுடையது. அந்தக் கை நீளாமல் அந்தக் கதையே இல்லை. நம் இலக்கியத்தில் வாசலில் நின்று தண்ணீர் கேட்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லி ஒரு ஆய்வு மாணவிக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறேன். அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நீட்டும் கையைப் பெரிதாக்கினால் ஆறு வந்துவிடுகிறது. 'தாமிரபரணித் தாய்' என்று நானும் எழுதியிருக்கிறேன். என் முதல் தொகுப்பில் இருக்கிறது அந்தக் கவிதை. முலைப்பால், மடி, சேலைத்தலைப்பு எல்லாம் உண்டு. 2018 அக்டோபரில் புஷ்கரம் என்று கூட்டம் கூட்டமாக வந்து முங்கி எழுந்தவர்கள் அந்தத் தாயைத்தான் கும்பிட்டார்கள். கட்டி வந்த துணியைக் கழற்றி அந்தத் தாயின் மேலேயே விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. தாய் என்று சொல்லிவிட்டால் எதையும் போடலாம். அவள் பொறுத்துக்கொள்வாள், கழுவிக்கொள்வாள். கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்கு இந்த ஆற்றுத் தண்ணீர் ஆயிரம் லிட்டர் முப்பத்தேழரை ரூபாய்க்குப் போகிறது என்று செய்திகள் வந்தபோதும், 2016 நவம்பரில் உயர்நீதிமன்றக் கிளை அதற்கு இடைக்காலத் தடை போட்டு 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்தபோதும், மேடைகளில் பேசியவர்கள் தாயின் மார்பை அறுக்கிறார்கள் என்றுதான் பேசினார்கள். நியாயமான கோபம். ஆனால் விலை, அளவு, உரிமை என்று பேச வேண்டிய இடத்தில் மார்பு வந்து நின்றுகொண்டால் எதிராளிக்குத்தான் வசதி.

புறநானூற்றின் 11ஆம் பாட்டை எழுதியவர் பேய்மகள் இளவெயினி. சேரன் பாலை பாடிய பெருங்கடுங்கோவைப் பாடிய பாட்டு. அதில் வரும் தண்பொருநையை எங்கள் ஊர் விழா மலர்களில் தாமிரபரணி என்றே போட்டுவிடுவார்கள். அது வஞ்சியின் ஆறு, சேர நாட்டுப் பொருநை. அது கிடக்கட்டும். அந்தப் பெண் புலவர் ஆற்றில் எதைப் பார்த்தார் என்பதுதான் விஷயம். இளம்பெண்கள் மணலில் பாவை செய்கிறார்கள், அதற்குச் சூட்டக் கிளையில் பூப் பறிக்கிறார்கள், பிறகு ஆற்றில் பாய்கிறார்கள். இடுப்பில் குடமில்லை. யாருக்கும் தண்ணீர் கொண்டுபோக வேண்டியதில்லை. ஆறும் யாருக்கும் தாயாக இல்லை. பாட்டு அரசனுடைய புகழுக்குத்தான் போகிறது, ஆனால் போகிற வழியில் இந்தப் பெண்கள் தங்களுக்காகவே ஒரு கணம் நனைகிறார்கள். முனைவர் பட்டத்துக்காக அந்தப் பாட்டை நூறு தடவை வாசித்தவள், அதே வருஷங்களில்தான் முலைப்பால் கவிதையை எழுதினேன்.

அதே வருஷங்களில் இன்னொன்றும் நடந்தது. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. ஆற்றுக்குள் ஓடியவர்களை அங்கேயும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள். அவர்களில் இரண்டு பெண்கள். ஒரு கைக்குழந்தை. அந்தத் தண்ணீர்தான் பின்பும் எங்கள் குழாய்களில் வந்தது. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு வந்த இரவில் என் கவிதையை எடுத்து வாசித்தேன். அந்த ஆற்றை யாருடைய தாய் என்று எழுதியிருக்கிறேன் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. செத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நான் அந்தக் கரையில் வளர்ந்த சைவ வீட்டுப் பெண்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் சுத்திகரிப்பைப் பற்றிப் பேசுவது ஏமாற்று வேலை. எங்கள் ஆச்சி வீட்டில் வயல் வேலைக்கு வருபவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள். அவர்கள் கையைக் குவித்துக் குனிந்து நிற்க, மேலிருந்து ஊற்றுவார்கள். ஊற்றுகிற வேலை பெண்பிள்ளைகளுடையது. எட்டு, ஒன்பது வயதில் நான் ஊற்றியிருக்கிறேன். செம்பு அவர்கள் கையில் படாத உயரம் எது என்று ஆச்சி எனக்குப் பழக்கியிருந்தாள். எண்ணில்லாத ஒரு மீட்டர் அது. 1927 மார்ச் 20ஆம் தேதி மகாட் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தலித் மக்களும் தண்ணீர் அருந்தினார்கள். பிறகு சாதி இந்துக்கள் 108 குடம் கொண்டுவந்து பசு மூத்திரமும் சாணமும் கலந்து குளத்தைச் 'சுத்திகரித்தார்கள்'. குளம் அதற்குப் பிறகுதான் குடிக்கத் தகாததாகியிருக்கும் என்று வேதியியல் தோழி சொல்லுவாள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டிக்குள் மலம் கிடந்தது. இந்த மூன்று இடத்திலும் பேசப்பட்டது தண்ணீரின் சுத்தம் அல்ல. மிசின் காரர்கள் சாதி பார்த்து விற்கவில்லை, உண்மைதான். ஆனால் 'சுத்தம்' என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் வீடுகளில் எழும் பரவசம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18இல் வந்த மழையில் மிசினுக்கு ஒரு பரீட்சை நடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது; தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஆற்றுக்குள் இருந்த நீரேற்று நிலையங்கள் மூழ்கின. எங்கு பார்த்தாலும் தண்ணீர், குழாயில் மட்டும் இல்லை. மின்சாரமும் இல்லை. சுவரில் மிசின் செத்த பல்லி மாதிரி தொங்கியது. லாரித் தண்ணீர் வந்தபோது குடத்தோடு வரிசையில் நின்றவர்களை எண்ணினேன்: முப்பத்தொரு பெண்கள், நான்கு ஆண்கள். நான்கு பேரில் ஒருவர் என் கணவர் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஆறு நாள் வரவில்லை. வீட்டுக்குள் இடுப்பளவு சேறு.

அந்த அக்காவிடம்தான் இந்தக் கட்டுரை வந்து சேர வேண்டும். மிசின் வைத்த முதல் வாரம். ஒரு லிட்டர் வடிவதற்கு மூன்று லிட்டர் வெளியேறுகிறது என்று வாளி வைத்து அளந்து பார்த்தேன். ஒரு நாளுக்கு 12 லிட்டர் எடுத்தால் 36 லிட்டர் வேஸ்ட். மனசு கேட்காமல் அடியில் ஒரு டிரம் வைத்தோம். தரை துடைக்க, செடிக்கு ஊற்ற என்று திட்டம். மூன்றாம் நாள் அக்கா டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், இந்தத் தண்ணிய நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போட்டா?"

அவர் தெருவில் நல்ல தண்ணி நான்கு நாளுக்கு ஒரு தடவை. மற்ற நாட்களில் அடிபம்பு. குடிக்கக் கேன் வாங்குகிறார். 20 லிட்டர் முப்பத்தைந்து ரூபாய், வீட்டில் ஆறு பேர். "வேஸ்ட் தண்ணிக்கா அது" என்றேன். "எதுல வேஸ்ட்டு?" என்றார். மீட்டரை எடுத்து டிரம்மில் நனைத்தேன். 142. மறுநாள் அவர் ஒரு சின்ன பாட்டிலில் அடிபம்புத் தண்ணீர் கொண்டுவந்தார், அவராகவே, அந்தப் பேனாவில் பார்க்கச் சொல்லி. 1180. இரண்டு எண்ணையும் அவர் பார்த்தார். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் வீட்டிலிருந்து சாக்கடைக்குப் போவது, அரசின் கணக்குப்படியே, அவர் வீட்டில் இருப்பதைவிட நல்ல தண்ணி.

வேதியியல் தோழியிடம் கேட்டேன். குளிக்க, துவைக்க, பாத்திரத்துக்குத் தாராளமாக எடுக்கலாம். குடிக்க வேண்டாம், கார்பன் பில்டரில் குளோரின் போயிருக்கும், கிருமி வளரும், குடிப்பதானால் கொதிக்க வைக்க வேண்டும் என்றாள். அதை அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போதே என் குரலில் அந்த மருத்துவர் பேசுவது எனக்குக் கேட்டது. "கொதிக்க வைக்க கேஸுக்கு எங்க போவ டீச்சர்" என்றார். வடித்த தண்ணீரிலேயே தினம் இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எடுத்துக்கொள்கிறார். ஆனால் இரண்டு பாட்டில் என்று அளவு சொன்னது நான்தான், செம்பைப் பிடித்திருக்கும் உயரத்திலிருந்து. மாநகராட்சிக்கு அந்தத் தெருப் பெண்களோடு போய் மனுக் கொடுத்தோம். முதல் மனுவுக்குப் பிறகு நான்கு நாள் மூன்று நாளானது. இரண்டாவது மனு மேசையில் கிடக்கிறது.

இப்போது அக்காவின் மகன் மாலையில் சைக்கிளில் வந்து இரண்டு கேன் வேஸ்ட் தண்ணீர் கட்டிக்கொண்டு போகிறான். போன சனிக்கிழமை அக்கா வேலை முடித்துக் கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"டீச்சர், நாளைக்கு மிசின ரெண்டு தடவ கூட ஓட்டுங்களேன். மக பிள்ளைகளோட வாரா."

"எதுக்குக்கா, நல்ல தண்ணி எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"அது வேண்டாம், அது சப்புனு இருக்கு. டிரம்முத் தண்ணியே போதும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மிசினை நான்கு தடவை ஓட்டினேன்.